கண்ணாடித் தொட்டியும் கிணற்று நீரும்

திருகோணமலையில் ஒருவர் காசு கொடுத்து மீன் வாங்கி, அதைக் கறி வைக்காமல் கண்ணாடிக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால், அவரைப் பற்றி ஊர் என்ன நினைக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் உட்துறைமுகம், மறு பக்கம் திறந்த குடா. இரண்டு கடல்களுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் அமைந்த பட்டினம் எங்களுடையது. விடிந்தால் சூடையும் சாளையும் கீரியும் சந்தைக்கு வந்துவிடும். பாரையும் அறுக்குளாவும் கிடைத்தால் அன்று வீட்டில் விசேஷம். மீன் என்றதும் எங்களுக்கு அடுப்பு நினைவுக்கு வருமேயன்றி அலங்காரம் நினைவுக்கு வராது. ஆகவே, 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தபாற் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்ற நான், இரண்டடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றை முச்சக்கர வண்டியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கியபோது, அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அண்ணை, இது கணவாய்க்கோ, இறாலுக்கோ?" என்று கேட்டதில் தவறொன்றும் இல்லை.

இந்த வழக்கின் மூலகாரணம் என் பேரன். மகள் இரண்டாவது பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். மருமகனுக்குக் கொழும்பிலே வேலை. மே மாதம் பெண்குழந்தை பிறந்தது. பத்து வயது மூத்தவனுக்கு, தங்கை வந்ததும் வீட்டில் தன்னுடைய செல்வாக்குச் சரிந்துவிட்டதென்ற மனக்குறை. "தங்கச்சிக்குத் தொட்டில் வாங்கினீங்கள்; எனக்கு ஒரு மீன்தொட்டி வாங்கித் தாங்கோ, அம்மப்பா" என்றான். நியாயமான கோரிக்கையாகவே எனக்குப் பட்டது.

கடைக்காரர் ஆறு பொன்மீன்களைப் பையில் இட்டுக் கட்டிக்கொண்டே, "குழாய்த் தண்ணீர் விடுவதென்றால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு விடுங்கள் ஐயா, குளோரீன் போக வேண்டும்" என்று புத்திமதி சொன்னார். "எங்கள் வீட்டில் கிணறு இருக்கிறது" என்றேன் நான், சிறிது கர்வத்துடன்.

அந்தக் கிணற்றைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். என் தகப்பனார் வெட்டுவித்தது, பதினெட்டடி ஆழம். கடலோரத்து மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரோடு எளிதில் கலந்துவிடாமல் அதன்மேல் ஒரு படையாக மிதந்து நிற்கிறது. நல்ல நீர் எடை குறைந்தது, உவர்நீர் கனத்தது, அவ்வளவுதான் சூட்சுமம். வாடைக் காற்றோடு வரும் மாரி மழையே அந்தப் படைக்கு முதல். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் முதல் கரையும். பல கிணறுகளில் உப்புத் தட்டும். எங்கள் கிணற்றில் அது நாக்குக்குத் தெரியாத அளவே. 2004 டிசம்பர் 26-ஆம் திகதி கடல் பொங்கியதன் பின், திறந்த கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் உப்பேறிப்போயிருந்த வாரங்களில், உட்துறைமுகப் பக்கமாயிருந்த எங்கள் வாசலில் குடங்கள் வரிசையாக நின்றன. கந்தளாய்க் குளத்து நீர் குழாய்வழியே நகருக்கு வருகிறது. எங்கள் வீட்டுக்கும் வருகிறது. ஆனால் அது உடுப்புத் தோய்க்கவும் திண்ணை கழுவவும் மாத்திரந்தான். "மருந்து மணக்கிற தண்ணி" என்று என் மனைவி அதை அடுப்படிக்குள் அனுமதித்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. 2017-இல் கிண்ணியாவிலும் திருகோணமலையிலும் டெங்குக் காய்ச்சல் கடுமையாகப் பரவிய காலத்தில், நுளம்புப் புழுக்களைத் தின்னட்டும் என்று கிணற்றிலே கப்பி மீன் பத்தை விட்டிருந்தோம். பத்து நூறாகப் பெருகிற்று. வாளியை இறக்கும்போதெல்லாம் அவை விலகி ஓடுவதைப் பார்ப்பது ஒரு மனநிறைவு. மீன் குஞ்சு பொரித்துப் பெருகும் நீரிலே குற்றமேது? அப்படித்தான் நான் எண்ணினேன்; அப்படித்தான் ஊரில் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள்.

தொட்டியில் சுமார் 50 லீற்றர் கிணற்று நீரை ஊற்றி ஆறு மீன்களையும் விட்டோம். ஐந்து நாட்கள் ஆனந்தமாகக் கழிந்தன. ஆறாம் நாட் காலை பேரன் வந்து எழுப்பினான்: "அம்மப்பா, மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதுகள்." அன்று மாலை ஒன்று மாண்டது. மறுநாள் இரண்டு. பதினோராம் நாள் தொட்டியில் நீர் மாத்திரமே இருந்தது, பளிங்கு போல. மீன்களுக்கு அடுத்த வீட்டுக்காரரின் கண்ணூறு பட்டுவிட்டதென்று என் மனைவி தீர்மானித்தாள். அடுத்த வீட்டுக்காரர் கருவாடாகவாவது ஆக்கியிருக்கலாமே என்று அனுதாபப்பட்டார். பேரன் இரவு சாப்பிடவில்லை.

மருமகன் அடுத்த முறை வந்தபோது ஒரு சிறு பெட்டி கொண்டுவந்தார். நீரைப் பரிசோதிக்கும் பெட்டி: கண்ணாடிக் குழாய்கள் சில, திராவகம் நிரம்பிய சிறு போத்தல்கள் சில, நிறங்கள் அச்சிட்ட அட்டையொன்று, எறும்பு எழுத்தில் ஒரு துண்டுப் பிரசுரம். "மாமா, நீங்கள் கணக்கெழுதிப் பழகியவர், உங்களுக்கு இது பிடிக்கும்" என்றார். பிடிக்கத்தான் செய்தது. பழைய கணக்குப் பதிவேடு ஒன்றை எடுத்து, திகதி, அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று, பீ.எச். என்று ஐந்து நிரல் கோடிட்டேன். பேரனின் விஞ்ஞானப் புத்தகமும் மருமகன் தொலைபேசியில் சொல்லித் தந்தவையும் சேர்ந்து என்னை ஓரளவு தேற்றின.

விஷயம் இதுதான். மீன் தன் பூக்களின் வழியாக அமோனியாவை நீரிலே கழிக்கிறது. தின்னாமல் விட்ட உணவு அழுகினாலும் அமோனியாதான். ஆற்றிலும் குளத்திலும் அது பரந்து கரைந்துபோகும். 50 லீற்றரில் எங்கே போகும்? கிணற்று நீரின் பீ.எச். 8 என்று நிறம் காட்டியது. அதாவது சற்றுக் காரமானது. இங்கேதான் மீனுக்கு வினை. அமோனியா நீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று அதிகம் தீங்கு செய்யாதது, மற்றது பூவை அரிக்கும் நஞ்சு. 30 பாகை வெப்பமுள்ள நீரில் பீ.எச். 7 ஆயின், நஞ்சு உருவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பீ.எச். 8 ஆயின் ஏழெட்டுப் பங்கு. ஒரே அளவு அழுக்கு, பத்து மடங்கு நஞ்சு. வெந்நீர்ப் பருவமும் துணை செய்தது: 20 பாகை நீர் லீற்றருக்கு 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும், 30 பாகையில் ஏழரைதான். ஆறு மீன்களும் எப்படி மாண்டன என்பது பதிவேட்டின் முதற் பக்கம் நிரம்புவதற்குள் விளங்கிவிட்டது. கண்ணூற்றுக்குத் தீர்ப்பு விடுதலை.

இந்த அமோனியாவை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாக்கும். மற்றொருவகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். புதுத் தொட்டியில் அவை குடியேறிப் பெருக ஒரு மாதம், ஒன்றரை மாதம் செல்லும். லண்டனில் ரொபேட் வாரிங்ரன் என்ற இரசாயனர் 1850-ஆம் ஆண்டில், பன்னிரண்டு கலன் நீரில் இரண்டு பொன்மீன்களையும் வலிசுனேரியாச் செடியையும் நத்தைகளையும் சேர்த்து வைத்து, நீர் மாற்றாமலே மீன் வாழ்வதைச் சங்கத்தார்க்கு அறிவித்தார். செடியும் நத்தையுமே காரணமென்பது அவர் கணிப்பு. கண்ணுக்குத் தெரியாத உழைப்பாளிகள் தொட்டிக்குள் இருந்ததை அவர் அறியார். அந்த உழைப்பு இரண்டு படிகளில், இரண்டு வேறு உயிர்களால் நடைபெறுகிறதென்று பிற்காலத்தில் காட்டியவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? அவருடைய மகன், பெயரும் ரொபேட் வாரிங்ரன். தகப்பன் மீனை விட்டார், மகன் மர்மத்தை எடுத்தார். ருஷ்யரான வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டளவில் அந்த உயிர்களைப் பிரித்தெடுத்தார். இரண்டாம் படியைச் செய்வது நைத்திரோபற்றர் என்று நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. நன்னீர் மீன்தொட்டிகளில் அது நைத்திரோஸ்பைரா என்று 1998-இல் கண்டார்கள். இரண்டு படிகளையும் தனித்து நின்று செய்யும் இனமும் உண்டென்று 2015-இல் தெரியவந்தது. உத்தியோகத்தில் மட்டுந்தான் ஒருவர் தலையில் இரண்டு பேர் வேலை விழும் என்று நினைத்திருந்தேன்.

இடையில் ஒரு வேடிக்கை. நைத்திரைற்றை நிறத்தால் காட்டும் வழியைக் கண்ட கிறீஸ் என்ற ஜெர்மானியர், இங்கிலாந்தில் ஒரு பியர் வடிசாலையில் இரசாயனராக இருந்தவர். பீ.எச். என்னும் அளவை 1909-இல் வகுத்த டென்மார்க்கு நாட்டு சோரன்சன், கார்ல்ஸ்பேர்க் என்ற பியர் வடிசாலையின் ஆய்வுகூடத்தில் இருந்தவர். வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவும் தொடாத நான் தினமும் காலையில் இருவர் தயவிலும் தொட்டி நீரைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

பொன்மீன் வாங்க மனம் துணியவில்லை. கிணற்றிலிருந்து நான்கு கப்பிகளை வாளியில் பிடித்துத் தொட்டியில் விட்டோம். அந்த நீரிலே பிறந்தவை, செலவும் இல்லை. ஜூலை மாதம் முழுவதும் பதிவேடு நிறம் மாறியது. முதலில் அமோனியாக் குழாய் பச்சையாயிற்று. பிறகு அது மஞ்சளுக்குத் திரும்ப, நைத்திரைற்றுக் குழாய் ஊதாவாயிற்று. அந்த ஊதாதான் எனக்குத் திகிலூட்டியது. நைத்திரைற்று மீனின் இரத்தத்திற் புகுந்தால் ஈமோகுளோபினிலுள்ள இரும்பை மாற்றிவிடும். மாறிய ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்காது. சிவந்த பூ கபில நிறமாகும். நீரிலே ஒட்சிசன் நிறைந்திருக்க, மீன் மூச்சுத் திணறிச் சாகும். ஆனால் எங்கள் கப்பிகள் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தன. காரணம் உப்பு. மீனின் பூவிலே குளோரைட்டு நுழையும் வாசல் வழியாகத்தான் நைத்திரைற்றும் நுழைகிறது. நீரில் குளோரைட்டு இருந்தால் வாசலில் நெருக்கடி, நைத்திரைற்றுக்கு இடம் குறைவு. கடலுக்கு அருகிலுள்ள கிணற்றின் இலேசான உப்பே கப்பிகளுக்குக் காவலாய் நின்றது. எங்கள் கிணற்றின் பெருமைப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொண்டேன்.

நான்காவது நிரலாகிய நைத்திரேற்று, சுழற்சியின் கடைசிப் பொருள். மீனுக்கு அதனால் தீங்கு மிகக் குறைவு. அது மெல்ல ஏறும். வாரந்தோறும் கொஞ்ச நீரை மாற்றினால் இறங்கும். என் பதிவேட்டில் அது 10, 10, 10 என்றே நின்றது. கிணற்று நீரையும் ஒருமுறை சோதித்தேன், அதுவும் 10. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த மேல் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று பிரசுரத்திலோ வேறெங்கோ படித்திருந்தேன். திருப்தியாகக் கையொப்பமிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன்.

ஆகஸ்ட் மாதம் முதல் வாரத்தில் ஒரு நாள் எனக்குத் தலையிடி. பேரன் சோதனையைத் தானே செய்வதாகச் சொன்னான். பிள்ளைகளுக்குப் போத்தலைக் கையில் கொடுத்தால் என்ன செய்வார்கள்? அவன் அதைத் தாளம் போடுவது போலக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். "மருந்தைப் பழுதாக்காதே" என்று அதட்டினேன். சொட்டுகள் விழுந்தன. ஐந்து நிமிஷத்தில் நைத்திரேற்றுக் குழாய் செவ்வரத்தம்பூவைப் போலச் சிவந்தது. அட்டையில் அதற்கு நேரே 80-க்கும் 160-க்கும் இடையில் ஓர் இலக்கம். பிள்ளை பிழை செய்துவிட்டான் என்று கோபித்து, கன்னத்தில் ஓர் அடியும் கொடுத்தேன். அதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்று பிற்பகல், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எறும்பு எழுத்துப் பிரசுரத்தை மறுபடி படித்தேன். நைத்திரேற்று நேராக நிறம் தராது. முதலில் அதை நைத்திரைற்றாக மாற்ற வேண்டும். மாற்றும் தூள் இரண்டாவது போத்தலின் அடியிலே படிந்திருக்கும். ஆகவே சொட்டுவிடுமுன் போத்தலை 30 வினாடி பலமாகக் குலுக்க வேண்டும். ஐந்து வாரமாக நான் தபால் முத்திரையைத் தொடுவது போல அந்தப் போத்தலைப் பக்குவமாகத் தூக்கிப் பக்குவமாகச் சொட்டியிருந்தேன். என் பத்துகள் அனைத்தும் பொய். பேரனின் சிவப்பே மெய். அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்; ஐஸ்பழத்துக்குக் காசு கேட்டான், கொடுத்தேன்.

மறுநாள் தொட்டியில் பாதி நீரை இறைத்துவிட்டுக் கிணற்று நீரை நிரப்பிச் சோதித்தோம். பாதி மாற்றினால் இலக்கம் பாதியாக வேண்டுமல்லவா? சிவப்பு அசையவில்லை. வரவு செலவு நேராகாவிட்டால் கந்தோரில் வீட்டுக்குப் போக முடியாது. அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. கிணற்று நீரைத் தனியே எடுத்தேன். சிவப்பு. குழாய் நீரை எடுத்தேன். மஞ்சள். 80-க்கும் 160-க்கும் நிறத்தில் அதிக பேதமில்லாதபடியால், கிணற்று நீர் ஒரு பங்கு, குழாய் நீர் ஒரு பங்கு கலந்து மறுபடி சோதித்தேன்: 40. இரட்டித்தால் 80. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் 80.

இதைக்கூட ஒரு விநோதமாகத்தான் மருமகனுக்குத் தொலைபேசியிற் சொன்னேன். "எங்கள் கிணறு எதிலும் முதலிடம், தெரியுமோ" என்று சிரித்தேன். மறுமுனையில் சிரிப்பில்லை. சற்று நேரம் ஒன்றுமேயில்லை. பிறகு, "மாமா, பிள்ளைக்குப் பால்மா எந்தத் தண்ணீரில் கரைக்கிறீர்கள்?" என்றார்.

ஜூலை மாதக் கடைசியில் மகளுக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றியிருந்தது. தாய்ப்பாலுக்கு இடையிடையே போத்தற் பாலும் கொடுக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். பதினொரு நாள். சுத்தத்தில் எங்கள் வீட்டில் குறை வைப்பவர் எவருமில்லை: கிணற்று நீரைக் கேத்தலில் நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறினால் மறுபடி கொதிக்கவைத்து, அதிலேதான் மாவைக் கரைத்தாள் மகள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது, நீர் ஆவியாகக் குறைய, மிஞ்சிய நீரில் அது இன்னும் செறியும். கேத்தலில் இருந்ததைச் சோதித்துப் பார்த்தேன். அந்தச் சிவப்பை நான் அதற்குமுன் கண்டதில்லை.

பச்சைக் குழந்தையின் இரைப்பையில் அமிலம் குறைவு. அங்கே பற்றீரியா நைத்திரேற்றை நைத்திரைற்றாக்கிவிடும். மிச்சம் வாசகர்களுக்கு முன்பே தெரியும். கபில நிறப் பூவோடு மூச்சுத் திணறும் மீனுக்கு நேர்வதே குழந்தைக்கும் நேரும். பெரியவர்கள் உடலில் கெட்ட ஈமோகுளோபினை உடனுக்குடன் திருத்தும் நொதியம் உண்டு. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் அது போதாது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில் கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுத்த குழந்தைகள் இவ்வாறு நீலம் பாரித்ததை, கொம்லி என்ற வைத்தியர் 1945-இல் எழுதி உலகுக்கு உணர்த்தினார். 1945! எங்கள் கிணறு வெட்டுவதற்கு முன்பே.

அன்றிரவு நான் உறங்கவில்லை. மகளுக்குச் சொன்னோம், பாத்திரங்களில் இருந்த நீரெல்லாம் கொட்டப்பட்டது, கேத்தல் தேய்க்கப்பட்டது, 'மருந்து மணக்கிற தண்ணி' முதன்முறையாக அடுப்பேறியது. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. இரண்டு மணியளவில் ரோர்ச் விளக்கை எடுத்துச் சேலைத்தொட்டிலுக்கு அருகே போய், குழந்தையின் விரலை மெல்லப் பிரித்து நகத்தைப் பார்த்தேன். விளக்கு மஞ்சள், நிறம் பிடிபடவில்லை. உதட்டைப் பார்த்தேன். வெளிச்சம் பட்டதும் அது முகத்தைச் சுளித்து, காலை உதைத்து, வீடே எழும்பும்படி கத்தி அழுதது. முகம் முழுவதும் குபீரென்று சிவந்தது. ஐந்து வாரம் நிறம் பார்த்துப் பழகிய எனக்கு அந்தச் சிவப்பை வாசிக்க அட்டை தேவைப்படவில்லை.

விடிந்ததும் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். வைத்தியர் பரிசோதித்து, பிள்ளை நலமாக இருக்கிறது, நீரை மாற்றியது நல்லது, இனி அந்தக் கிணற்று நீர் ஒரு துளியும் வேண்டாம் என்றார். பாலில் பெரும்பங்கு தாயினுடையதாகவே இருந்தது அதற்கு நல்ல காலம். குடும்பநல மருத்துவமாது மூலம் செய்தி போய், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து போத்தலில் நீர் எடுத்துப் போனார். இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது: 18.

பதினெட்டா? என் சோதனை 80 அல்லவா? எல்லை 50 ஆயிற்றே, அப்படியானால் கிணறு குற்றமற்றதா? என் மனைவியின் முகம் ஒரு கணம் மலர்ந்ததைப் பார்த்தேன். அறிக்கையை மறுபடி வாசித்தேன். அது நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மாத்திரம் நிறுத்துச் சொன்ன இலக்கம். முழு நைத்திரேற்றாக்க 4.43-ஆல் பெருக்க வேண்டும். பெருக்கினால் 79.7. அந்தக் கணக்கில் எல்லையும் 50 அன்று, ஏறக்குறைய 11. நிறுவை வேறு, படி வேறு; வீட்டில் இப்படிப்பட்ட அறிக்கை வைத்திருப்பவர்கள் எதனால் அளந்ததென்று பார்த்துக்கொள்வது நல்லது.

எங்கிருந்து வந்தது இந்த நைத்திரேற்று? பரிசோதகர் அதிகம் தேடவில்லை. கிணற்றுக் கட்டில் நின்றபடியே சுற்றிப் பார்த்தார். பிறகு அடியடியாக நடந்து அளந்தார். "இருபத்திநாலு அடி" என்றார்.

2007-இல் மகளின் கலியாணத்துக்காக ஓர் அறையும் அதனோடு ஒரு மலசலகூடமும் கட்டினோம். குழியைப் பின் மூலையில், கிணற்றிலிருந்து எழுபதடிக்கு அப்பால் வைக்கவேண்டும் என்றார் மேசன். அங்கே கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றது. என் தாயார் நட்டது. பந்தலும் அதன் நிழலில்தான் போடுவதாக இருந்தது. "மரத்தைத் தறிப்பதோ? இங்கேயே வெட்டும், மணல் எல்லாவற்றையும் வடிக்கும்" என்று இடத்தைக் காலால் கோடு கீறிக் காட்டியவன் நான். மேசன் இருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். மணல் வடிக்கத்தான் செய்தது. கிருமியில் ஒரு பகுதியை, மணத்தை, நிறத்தை எல்லாம் வடித்தது. அமோனியாவையோ, தொட்டியில் நான் ஐந்து வாரம் வண்ணம் வண்ணமாகப் பார்த்த அதே வேலையை, அதே வர்க்கத்துப் பற்றீரியாக்கள் அந்த இருபத்துநாலடி மணலுக்குள் பதினொரு வருடமாகச் செய்து, தெளிந்த, இனித்த, மணமற்ற நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தன. கிணற்றின் கப்பிகளுக்கு அதனால் ஒன்றுமில்லை. எங்களைப் போன்ற பெரியவர்களுக்கும் கண்ணுக்குத் தெரிய ஒன்றுமில்லை. 2008-இல் பேரன் பிறந்து இதே வீட்டில்தான் வளர்ந்தான். ஆறு மாதமும் தாய்ப்பாலே குடித்தான். அது ஒன்றுதான் அவனைக் காத்தது.

அந்த ஆண்டு மாரிக்கு முன்பே மாமரம் தறிக்கப்பட்டது. கோடரி விழுந்த அன்று என் மனைவி கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு இருட்டிய பிறகே வந்தாள். பழைய குழியை வெறுமையாக்கி மண் நிரப்பினோம். புதியது மூலையில், அடியும் பக்கமும் பூசிக் கட்டியது. கிணற்று நீர் தென்னைக்கும் செடிகளுக்குமாயிற்று. குடங்களோடு வந்து பழகிய அயலவர்களுக்குக் காரணத்தைச் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். இருவர் நம்பவில்லை. ஒருவர் தம் கிணற்று நீரைப் போத்தலில் கொண்டுவந்து தந்தார். அதன்பின் இன்னும் ஒன்பது போத்தல்கள் வந்தன. பெட்டியில் மருந்து தீர்ந்து புதிது வாங்கினேன். எந்த வீட்டில் எந்த நிறம் வந்ததென்பது அவரவர்க்குச் சொன்னேன். இங்கே எழுத அது என் சொத்தல்ல.

தொட்டி இன்னும் இருக்கிறது. கந்தளாய் நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வெளியில் வைத்து, குளோரீன் போனபின் ஊற்றுகிறோம். அதிலே இப்போது பொன்மீன் இரண்டே இரண்டு. அடுத்த வீட்டுக்காரர் மாலையில் வந்து அதன் முன்னால் கதிரை போட்டு உட்காருகிறார். கறியைப் பற்றிப் பேசுவதில்லை.

பதிவேட்டில் கிணற்றுக்கென்று ஒரு நிரல் தொடர்ந்து இருக்கிறது. 2019 தையில் 70. மறு வருடம் 50. பிறகு ஒரு கோடையில் சற்று ஏறி, அடுத்த மாரியில் இறங்கி, இப்பொழுது 20-க்கும் 40-க்கும் இடையில் நிற்கிறது. குடிக்கலாமா என்று மனைவி வருடத்துக்கொருமுறை கேட்கிறாள். இன்னும் இல்லை என்கிறேன்.

பேரன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கக் கொழும்புக்குப் போய்விட்டான். பள்ளி விடுமுறையில் வரும்போதெல்லாம் சோதனை செய்யும் பொறுப்பு இப்போது அவன் தங்கையினுடையது. இரண்டாவது போத்தலை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, கண்ணை மூடி, உரத்த குரலில் ஒன்றிலிருந்து முப்பதுவரை எண்ணிக் குலுக்குகிறாள். இருபதுக்குமேல் களைத்துப்போய் வேகம் குறையும். "விடாதே, இன்னும் பத்து" என்கிறேன் நான்.